பூசணி பியர் எந்த வேற்றுமைத் தொகை?

'இட்லிப் பொடி'யில் இட்லி இல்லை. 'மிளகாய்ப் பொடி'யில் மிளகாய் உண்டு. இரண்டையும் ஒரே அலமாரியில் வைத்துப் புழங்கும் எவரும் இதில் குழம்புவதில்லை. முன்னது இட்லிக்கான பொடி, நான்காம் வேற்றுமை. பின்னது மிளகாயால் ஆன பொடி, மூன்றாம் வேற்றுமை. உருபு தொக்கு நின்றாலும் வழக்கம் அதை மீட்டெடுத்துக்கொள்கிறது. எனினும் சில தொகைகள் நெடுங்காலம் பயணம் செய்யும்போது வழியிலேயே தம் உருபை மாற்றிக்கொள்கின்றன. சொல் அப்படியே இருக்கும். அதனுள் பொருளுறவு வேறாகியிருக்கும். அமெரிக்காவில் இலையுதிர்காலந்தோறும் வீடுகளிலும் ஆலைகளிலும் காய்ச்சப்படும் 'பூசணி பியர்' அத்தகைய ஒரு தொகை.

இதன் தொடக்கம் ஐயத்துக்கு இடமற்ற மூன்றாம் வேற்றுமை. குடியேற்றக் கால அமெரிக்காவில் பியருக்கு அடிப்படையான மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, எளிதில் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மால்ட்டின் விலை மிகுதி. பூசணியோ அந்த மண்ணின் பயிர், கேட்பாரற்றுக் காய்த்தது. நொதிப்பதற்குச் சர்க்கரை வேண்டும், அது எதிலிருந்து கிடைத்தாலும் சரி என்னும் நெருக்கடியில் பிறந்தது இந்தப் பியர். அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் பெயரோடு 1771இல் பதிவான செய்முறை ஒன்று உண்டு. பூசணியைத் தொட்டியிலிட்டு இடித்து, ஆப்பிளைப் பிழிவதுபோலப் பிழிந்து, சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்து, நார் எஞ்சாதவாறு நுரையை எடுத்துவிட்டு, ஹாப்ஸ் சேர்த்து, ஆறவைத்து, மால்ட் பியரைப் போலவே நொதிக்கவிட வேண்டும் என்கிறது அது. அதில் மால்ட் ஒரு பிடியும் இல்லை. பட்டையோ கிராம்போ ஒரு சிட்டிகையும் இல்லை. பூசணியால் ஆன பியர் என்பதற்கு மேல் அங்கே விளக்கம் தேவைப்படவில்லை.

நறுமணப் பொருள்கள் வந்து சேர்ந்தது வேறு வழியாக. அமீலியா சிம்மன்ஸ் 1796இல் வெளியிட்ட 'அமெரிக்கன் குக்கரி' என்னும் சமையல் நூல், பூசணிக் கூழைப் பாலேடு அல்லது பால், முட்டை, இனிப்பு ஆகியவற்றோடு கலந்து சுட்டெடுக்கும் இரு முறைகளைத் தருகிறது. ஒன்றில் சாதிபத்திரி, சாதிக்காய், இஞ்சி. மற்றொன்றில் ஆல்ஸ்பைஸ், இஞ்சி. இன்று நன்றிநவிலல் நாள் விருந்தில் இடம்பெறும் பூசணி 'பை' என்னும் பண்டத்தின் மூதாதை இதுதான். அந்தப் பண்டத்துக்கென்றே கலந்து அரைத்த மசாலாவை மெக்கார்மிக் நிறுவனம் 1934இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டை, இஞ்சி, சாதிக்காய், ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றின் கலவை. பூசணிக்கான மசாலா, எனவே நான்காம் வேற்றுமை. பேச்சு வழக்கில் இடையில் நின்ற 'பை' உதிர்ந்தது; 'பூசணி மசாலா' எஞ்சியது.

இரு தொகைகளும் சந்தித்த இடம் கலிபோர்னியாவின் ஹேவர்டு நகர். அங்கே 'பஃபலோ பில்ஸ்' என்னும் சிறு பியர்க்கூடத்தை நடத்திய பில் ஓவன்ஸ், அடிப்படையில் புகைப்படக் கலைஞர். ஜார்ஜ் வாஷிங்டன் பூசணியைக் கொண்டு பியர் காய்ச்சினார் என்று படித்ததன் தூண்டுதலால், 1980களின் நடுப்பகுதியில் தாமும் ஒரு பூசணியைச் சுட்டு மால்ட்டோடு சேர்த்துக் காய்ச்சினார். பியரில் பூசணியின் சுவை தென்படவே இல்லை. கடையில் விற்ற பூசணி பை மசாலாவை வாங்கிச் சேர்த்த பிறகே அது 'பூசணி பியர்' ஆயிற்று. நவீன வணிகப் பூசணி பியர் இங்கிருந்தே தொடங்குவதாகக் கருதப்படுகிறது. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய பூசணி மசாலாக் காப்பியில் 2015 வரை பூசணியே இல்லை என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஆக, 1771இல் மசாலா இல்லாத பூசணி. இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பூசணி தேவைப்படாத மசாலா. பெயர் மட்டும் அசையாமல் நின்றது.

இந்த வரலாற்றை ஒரு நிலவறையில் நின்று, கையில் மரக் கரண்டியோடு கற்றுக்கொண்டாள் ஓர் ஆய்வு மாணவி. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவந்த தமிழ்ப் பெண். ஒன்பது மாத நல்கையில் மேற்கு மாசசூசெட்ஸின் பல்கலைக்கழக ஊர் ஒன்றுக்குச் சென்று, ஒரு முதிய இணையர் வீட்டின் மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தாள். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி வேதியியல் ஆசிரியர். அவர் மனைவி நூலகராக இருந்தவர். பெயர் சொல்லி அழைக்குமாறு இருவரும் வற்புறுத்தினர். அவளுக்கு நா எழவில்லை. அவரைச் 'சார்' என்றும் அம்மையாரை 'மேடம்' என்றும் கடைசிவரை அழைத்தாள்.

செப்டம்பர் இறுதியில் அம்மையார் பக்கத்துப் பண்ணையிலிருந்து மூன்று பூசணிகளை வாங்கிவந்தார். அக்டோபர் முதல் சனிக்கிழமை பியர் காய்ச்சும் நாள் என்றும், விரும்பினால் உடனிருக்கலாம் என்றும் சார் சொன்னார். முதல் முறை கேட்டபோது அவள் படிக்க வேண்டியிருக்கிறது என்று மாடிக்குப் போய்விட்டாள்.

காரணம் அவள் வீட்டுக் கதை. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூர். அப்பா குடித்தே மாண்டவர். அப்போது அவள் பதினொன்றாம் வகுப்பு. வாசலில் செருப்புக் கழலும் ஓசையைக் கொண்டே அன்றைய அளவைக் கணிக்க அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தமிழில் 'குடி' என்பது குடும்பத்தையும் குறிக்கும். மதுப் பழக்கத்தையும் குறிக்கும். அகராதிகள் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே கொள்கின்றன. ஆனால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும் என்று இரண்டையும் ஒரே வரியில் கோக்கும் எச்சரிக்கை வாசகத்தைத் திரையரங்குகளில் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அவை வேறு வேறு சொற்கள் என்று தோன்றுவது கடினம்.

இரண்டாம் முறை அவள் இறங்கிப் போனதற்குத் துறை சார்ந்த ஆர்வமே காரணம். பட்டை, கிராம்பு, சாதிக்காய் முதலியவற்றின் பெயர்கள் மொழிகளுக்கிடையே பயணம் செய்த வழி அவள் ஆய்வுக்கு அண்மையானது. குடிக்கமாட்டேன் என்பதை முதலிலேயே சொன்னாள். சார் காரணம் கேட்கவில்லை. "காய்ச்சுகிற நாளில் யாரும் குடிப்பதில்லை, வேலை கெடும்" என்று மட்டும் சொன்னார்.

பொடித்த மால்ட்டைச் சுடுநீரில் இட்டு, ஏறத்தாழ 67 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். வாற்கோதுமையில் இயல்பாக உள்ள நொதிகள் அந்த நேரத்தில் மாவுப்பொருளைச் சர்க்கரையாக உடைக்கின்றன. வெப்பம் மிகவும் ஏறினால் நொதி அழியும். இறங்கினால் வேலை மந்தமாகும். இந்தக் கலவைக்குத் தமிழில் என்ன பெயர் என்று சார் கேட்டார். அவளுக்கு நினைவில் வந்த ஒரே சொல் 'ஊறல்'. ஊறுகாயிலும் ஊற்றிலும் உறவு கொண்ட அழகான சொல்தான். ஆனால் அவள் படித்த நாளிதழ்களில் அச்சொல் தனியாக வந்ததே இல்லை. 'சாராய ஊறல் அழிப்பு' என்றே வரும். காவலர்கள் குடத்தைக் கவிழ்க்கும் படமும் உடன் இருக்கும். தன் மொழியில் இந்தச் செயலுக்கான சொல் குற்றப் பத்திரிகையில் மட்டுமே வாழ்கிறது என்பதை அவள் விளக்கினாள்.

அமெரிக்காவிலும் நிலைமை நெடுங்காலம் அதுவாகவே இருந்தது என்றார் சார். மதுவிலக்கு 1920இல் நடைமுறைக்கு வந்து 1933இல் நீங்கியது. நீங்கிய பிறகும் வீட்டில் பியர் காய்ச்சுவதற்குக் கூட்டரசுச் சட்டம் இடம் தரவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வயது வந்தோர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ உள்ள வீட்டில் 200 கேலன் வரை, அதாவது ஏறத்தாழ 757 லிட்டர், தம் பயனுக்காகக் காய்ச்சலாம், விற்கக்கூடாது. மாநிலங்கள் தனித்தனியே இசைய வேண்டியிருந்ததால், அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் இதை அனுமதித்தன. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது இன்றும் குற்றம் என்று அவள் சொன்னாள். அது தவறான சட்டமா சரியான சட்டமா என்று இருவரும் வாதிடவில்லை.

பூசணி அதற்குள் அடுப்பில் வெந்து, ஓரங்கள் கருகிப் பழுப்பேறியிருந்தது. நீரை ஆவியாக்கவும் சர்க்கரையைச் சற்றே கருக்கவும் அப்படிச் சுடுவது வழக்கம். கூழான பூசணி ஊறலில் விழுந்தால் பசைபோல் இறுகி, சாறு வடியாமல் அடைத்துக்கொள்ளும். அதற்கு மாற்றாகச் சார் ஒரு காகிதப் பையைப் பிரித்தார். உள்ளே இருந்தது நெல் உமி. அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நீ அரிசி கொண்டு வா, நான் உமி கொண்டு வருகிறேன், இரண்டையும் கலந்து ஊதி ஊதித் தின்னலாம் என்னும் பழமொழியில் உமி என்பது ஒன்றுமில்லாததன் பெயர். இங்கே அது கடையில் எடைபோட்டுக் காசுக்கு வாங்கப்பட்டிருந்தது. உமி சுவையும் தருவதில்லை, சர்க்கரையும் தருவதில்லை. ஊறலுக்குள் இடைவெளி உண்டாக்கிச் சாறு வடிய வழிவிடுகிறது. பயன் என்பது சுவையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்று அவள் குறிப்பேட்டில் எழுதிவைத்தாள். அந்த வாக்கியம் பின்னர் பூசணிக்கும் தேவைப்பட்டது.

வடிந்த சாறு இனிப்பானது. ஈஸ்ட் சேரும்வரை அதில் சாராயம் இல்லை. எனவே அவளும் ஒரு கரண்டி பருகினாள். இறுகிய மால்ட் பானத்தைப் போல இருந்தது. பூசணி சேர்த்த சாற்றையும் சேர்க்காத சாற்றையும் அடுத்தடுத்துச் சுவைத்தபோது அவளுக்கு வேறுபாடு தெரியவில்லை. அதை அவள் தயக்கத்தோடு சொன்னாள். சாரின் முகம் சற்றே மாறியது. முப்பது ஆண்டுகளாக அவர் பூசணியைச் சுட்டுச் சேர்த்துவந்திருக்கிறார். கடைப் பியர்களில் மசாலா மட்டுமே இருக்கிறது, தம்முடையதில் பூசணியே பேசுகிறது என்பது அவர் நண்பர்களிடம் சொல்லிவந்த பெருமை.

வேதியியல் ஆசிரியராதலால் அவர் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். ஒரே பெரிய கொதிகலனுக்குப் பதிலாக மூன்று ஒரு-கேலன் கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் பூசணி மட்டும், ஒன்றில் மசாலா மட்டும், ஒன்றில் இரண்டும். ஹாப்ஸ், ஈஸ்ட், மால்ட் எல்லாம் ஒரே அளவு. மசாலா கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் சேரும். முன்பே சேர்த்தால் மணம் ஆவியோடு போய்விடும். கிராம்பை அவர் இம்மியளவே சேர்த்தார். அதிலுள்ள யூஜினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிப் பல் மருத்துவரின் அறையை நினைவூட்டிவிடும். பிறகு குடுவைகளை ஆறவைத்து, ஈஸ்ட் இட்டு, இருட்டில் வைத்தார்கள். இரு வாரம் கழித்துச் சிறிது சர்க்கரை சேர்த்துப் புட்டிகளில் அடைத்தபோது, நிலவறையில் எழுந்த மணம் அவளை அச்சுறுத்தவில்லை. இட்லி மாவு பொங்கிய காலையின் மணத்துக்கு அது அண்மையானதாக இருந்தது.

நன்றிநவிலல் நாள் விருந்துக்கு வீட்டுக்காரர்களையும் சேர்த்து எட்டுப் பேர். குடிக்காதவள் என்பதால் ஊற்றும் பொறுப்பு அவளுடையதாயிற்று. சுவைச் சோதனைக்கு அதைவிடத் தகுதி வேண்டாம். கோப்பைகளில் 417, 286, 953 என எண்களை எழுதினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினால் முதலாவதே சிறந்தது என்று மனம் சாயும். தன் முகமே விடையைக் காட்டிவிடும் என்று அஞ்சிக் கோப்பைகளை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கேள்வி ஒன்றே: இவற்றில் பூசணி பியர் எது?

பூசணி மட்டும் சேர்ந்ததை எட்டுப் பேரில் ஒருவரும் குறிக்கவில்லை. இரண்டும் சேர்ந்ததை மூவர் குறித்தனர். மசாலா மட்டும் சேர்ந்ததை, பூசணியின் நிழல்கூடப் படாததை, ஐவர் பூசணி பியர் என்றனர். அந்த ஐவரில் சாரும் ஒருவர். எட்டுப் பேர் புள்ளியியலுக்குப் போதாது என்பது அவளுக்குத் தெரியும். முப்பது ஆண்டுப் பெருமைக்குப் போதும் என்பதும் தெரிந்தது. சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் சற்று நேரம் நின்றாள். எண்களை மாற்றிச் சொல்லிவிடலாம், கேட்பார் இல்லை. பிறகு வெளியே வந்து உள்ளபடியே சொன்னாள்.

சார் தம் கோப்பையை விளக்கொளியில் உயர்த்திப் பார்த்தார். பிறகு தாமே காரணத்தை விளக்கத் தொடங்கினார். ஆசிரியர்களின் தற்காப்பு அதுதான். நூறு கிராம் பூசணியில் ஏறத்தாழ 92 கிராம் நீர். சர்க்கரை மூன்று கிராமுக்கும் குறைவு. அந்தச் சிறு சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடுகிறது. பூசணியின் சொந்த மணம் மிக மெலிது. கொதியிலும் நொதிப்பிலும் நிற்காது. பூசணியின் சுவை என்று எல்லாரும் நினைவில் வைத்திருப்பது பூசணிப் பண்டத்தில் சேர்ந்த பட்டையின் மணத்தைத்தான். விருந்தினர் ஒருவர், அப்படியானால் அடுத்த ஆண்டு சுமக்கவும் சுடவும் வேண்டாமே என்றார். அதற்கு அம்மையார் சொன்ன விடை எளியது: "பூசணி இல்லையென்றால் எந்தச் சனிக்கிழமை காய்ச்சுவது என்று எப்படித் தெரியும்?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, அது விடையாகவே அவளுக்குப் பட்டது.

'இலையுதிர்கால மசாலா' எனப்படும் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பட்டை, சாதிக்காய், கிராம்பு மூன்றும் வெப்பமண்டலத்துப் பசுமைமாறா மரங்களின் கொடை. இலையே உதிர்க்காத மரங்களின் பட்டையும் விதையும் மொட்டும் இலையுதிர்காலத்தின் மணமாகிவிட்டன. சாதிக்காய் ஒரு காலத்தில் பாண்டாத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. அதன் வணிகத்தைத் தனியுடைமையாக்க டச்சுக் கம்பெனி 1621இல் அத்தீவுகளின் மக்களைக் கொன்றும் நாடுகடத்தியும் ஏறத்தாழ அழித்தது. இஞ்சியின் ஆங்கிலப் பெயர் கிரேக்கம், பிராகிருதம் வழியாகப் பின்னோக்கிச் சென்று 'இஞ்சி வேர்' என்னும் திராவிடத் தொடரைத் தொடுகிறது என்பது மொழியியலார் பலர் ஏற்ற கருத்து. எல்லாம் தொலைவிலிருந்து, உலர்ந்த நிலையில், புட்டிகளில் வந்தவை. அலமாரியில் ஆண்டு முழுவதும் இருப்பவை. அவற்றுக்கு எந்த மாதமும் ஒன்றுதான்.

அந்தப் பட்டியலில் பருவம் என்று ஒன்று உடையது பூசணி மட்டுமே. மெக்சிகோவிலும் அதைச் சூழ்ந்த நிலங்களிலும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் பழக்கிய பயிர் அது. செப்டம்பருக்கு முன் புதிய காய் கைக்கு வராது. எனவே பூசணியைச் சுட்டுக் காய்ச்சுகிறவர் காத்திருந்தே ஆகவேண்டும்; காய்ச்சிய பின்னும் ஐந்தாறு வாரம் காத்திருக்க வேண்டும். பூசணி இல்லாமல் காய்ச்சுகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்று கடைகளில் பூசணி பியர் ஆகஸ்டிலேயே, சில இடங்களில் ஜூலையிலேயே வந்துவிடுகிறது. கொடியில் காய் பழுக்கும் முன்பே. தகரக் குப்பியில் அடைத்த சென்ற ஆண்டுக் கூழும் மசாலாவும் போதும். பூசணி சுவையைத் தரவில்லை என்பது உண்மை. ஆனால் அது வெளியேறியபோது உடன் வெளியேறியது காலம்.

அந்தத் தகரக் குப்பிக்கும் ஒரு கதை உண்டு. இல்லினாய் மாநிலத்தின் மார்ட்டன் நகரைச் சுற்றி விளையும் டிக்கின்சன் என்னும் வகையே பெரும்பாலும் அதில் அடைபடுகிறது. ஹாலோவீன் நாளில் முகம் செதுக்கும் பூசணி வேறு இனம். டிக்கின்சன், தமிழ்ச் சந்தைகளில் கீற்றுப் போட்டு விற்கும் பறங்கிக்காயின் இனத்தைச் சேர்ந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த காய், தமிழ் மண்ணை அடைந்தபோது, கொண்டுவந்தவர்களின் பெயரைத் தாங்கிப் 'பறங்கி' ஆயிற்று.

அம்மாவிடம் வாரம் ஒருமுறை பேசும்போது அவள் பறங்கிக்காயைப் பற்றி மட்டுமே சொல்லிவந்தாள். இங்கே பறங்கிக்காயைச் சுடுகிறார்கள் என்றபோது, "சுட்டு என்னம்மா பண்ணுவாங்க?" என்று அம்மா கேட்டார். ஏதோ பலகாரம் என்று மழுப்பினாள். மார்கழி பிறந்த வாரம், விருந்து முடிந்து மூன்று வாரமான பிறகு, முழுவதையும் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் ஓசையில்லை.

"நீ குடிச்சியா?"

"இல்லம்மா."

"அந்தப் பெரியவரு தினமும் குடிப்பாரா?"

"ராத்திரி சாப்பாட்டோட ஒரு கோப்பை, சில நாள். இந்தப் பறங்கிக்காய் பியர் மட்டும் வருசத்துக்கு ஒரு தடவதான்."

"நாளு தெரிஞ்சு குடிக்கிறவங்களும் இருக்காங்களா?" என்றார் அம்மா. அது வியப்பா, நம்பிக்கையின்மையா, துக்கமா என்று குரலிலிருந்து பிரிக்க முடியவில்லை. பிறகு பேச்சை மாற்றுவதுபோல, அன்று காலைக் கோலத்துக்குப் பூசணிப்பூ இரண்டு கிடைத்ததென்றும், சாணி உருண்டையில் செருகிவைத்ததாகவும் சொன்னார்.

நாள் தெரிந்து குடித்தால் தீங்கில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட இடமில்லை. சாரின் பியர்க் குழு நண்பர் ஒருவர், எல்லாரையும்விட நேர்த்தியாகக் காய்ச்சியவர், குடியிலிருந்து மீள்வதற்காகக் கொதிகலன்களையெல்லாம் விற்றுவிட்டார். வீட்டில் காய்ச்சுவது மட்டும் யாரையும் காப்பதில்லை என்பதைச் சாரே அவளிடம் சொல்லியிருந்தார். அப்பாவின் குடி ஒரு நோய். நோய்க்குப் பூசணி மருந்தாகாது. ஆனால் அந்தக் குடிக்குக் கிழமை, மாதம், விருந்து, உடனிருப்போர் என்று எதுவும் இல்லாதிருந்தது என்பதை அவள் முதல்முறையாக ஒரு சொல்லில் வைத்துப் பார்க்க முடிந்தது. அது பருவம் இழந்த ஒன்று. அப்படி ஒன்று வீட்டுக்குள் வந்த பிறகு பொங்கலும் தீபாவளியும்கூட மற்ற நாள்களைப் போலவே அஞ்சத்தக்கவையாகிவிட்டன.

அன்றிரவு அவள் குறிப்பேட்டில் எழுதியது இலக்கணம்தான். கோலத்தின் நடுவே வைக்கும் பூசணிப்பூ புள்ளிகளைக் கூட்டுவதில்லை, கோடுகளைத் திருத்துவதில்லை. அது இல்லாவிட்டாலும் கோலம் கோலமே. அது சொல்வது மாதத்தை. ஊறலில் விழும் பூசணியும் அவ்வாறே. 1771இல் அது மூன்றாம் வேற்றுமை; பூசணியால் ஆன பியர். மசாலாவின் வழியே அது நான்காம் வேற்றுமையின் பக்கம் சாய்ந்தது. பூசணிக்கான மசாலா இட்ட பியர். அந்த நிலவறையில் காய்ச்சியது இவ்விரண்டிலும் அடங்கவில்லை. இடத்தோடு காலத்தையும் ஏழாம் வேற்றுமையின் பொருளாகத் தமிழ் இலக்கணம் கொள்கிறது. பூசணியின்கண், அதாவது பூசணி விளையும் காலத்தில் காய்ச்சும் பியர் என்று விரித்தால் தொகை தன் பொருளைப் பெறுகிறது. பெயர் பொய் சொல்லவில்லை; அதைக் கேட்டவர்கள் சுவையைத் தேடினார்கள், அது நாளைச் சொல்லிக்கொண்டிருந்தது.

நல்கை முடிந்து அவள் திரும்பிய ஆண்டின் அக்டோபரில் சார் ஒரு படம் அனுப்பினார். அடுப்புத் தட்டில் பிளந்து கிடக்கும் மூன்று பூசணிகள். பக்கத்தில் உமிப் பை. சுவையில் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தே சுடுவதாகக் கீழே எழுதியிருந்தார். அவள் அதை அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, விதையை எடுத்து உலர்த்தி வைத்தார்களா என்று கேட்கச் சொன்னார்.